கால் வராத நாள்: காரணம் தேடுவதா, விட்டுவிடுவதா?

எதிர்காற்று | ஞாயிறு, மாலை 4:12

இன்று காலை சென்னை ஈசிஆரில் நடந்த 60 கிலோமீட்டர் சைக்கிள் பந்தயத்தில் கோவளம் வருவதற்கு முன்பே குழுவை விட்டுக் கழன்றுவிட்டேன். உத்தண்டிப் பக்கம் ஆரம்பம், மாமல்லபுரம் வரை போய் யு டர்ன் அடித்துத் திரும்ப வேண்டும். மேடு என்று சொல்ல முட்டுக்காடு பாலம் ஒன்றுதான். அதில் கூடச் சிரமப்படவில்லை. பாலம் இறங்கியதும் குழு மணிக்கு 42 கிலோமீட்டருக்கு ஏறியது. எனக்கு முன்னால் இருந்தவரின் சக்கரத்துக்கும் என் சக்கரத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி விழுந்தது. அப்புறம் மூன்று மீட்டர், அப்புறம் அவ்வளவுதான்.

வினோதம் என்னவென்றால் மூச்சு வாங்கவே இல்லை. பந்தயத்தில் 170ஐத் தாண்ட வேண்டிய நாடித்துடிப்பு 155க்கு மேல் ஏறவில்லை. மிதிக்கும் சக்தியில் 250 வாட்ஸ் சாதாரணமாகப் பிடிக்கும் கால்கள் 210க்கே கெஞ்சின. இரவு நன்றாகத் தூங்கினேன், நாலு இட்லி சாப்பிட்டேன், வயிறும் சரியாக இருந்தது. வடகிழக்குக் காற்று முகத்தில் அறைய, மாமல்லபுரத்திலிருந்து தனியாக வந்து முடித்தேன். கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் என் பெயர் வந்துவிடும்.

தீபாவளி முடிந்ததிலிருந்து இந்த ஒரு பந்தயத்துக்காகத்தான் ஓட்டினேன். என்ன ஆயிருக்கும்?

---

பழையசங்கிலி | ஞாயிறு, மாலை 4:40

முதலில் வண்டியைப் பாருங்கள், உடம்பை அப்புறம் பார்க்கலாம். பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். பிரேக் உரசுகிறதா? சக்கரத்தின் நடு அச்சில் (ஹப்) இறுக்கம் இருக்கிறதா? காரில் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக் கொண்டுபோய், இருட்டில் அவசரமாக மாட்டினால் டிஸ்க் பிரேக் உரசுவது சகஜம்.

---

கியர்மாற்றி | ஞாயிறு, மாலை 5:05

அண்ணா, பிரேக் உரசினால் வேகம்தான் குறையும், வாட்ஸ் குறையாது. மிதியில் போடும் சக்தியைத்தானே பவர் மீட்டர் அளக்கிறது? சக்தி வழக்கம்போல் இருந்து வேகம் மட்டும் வரவில்லை என்றால் வண்டியையும் டயரையும் காற்றையும் சந்தேகப்படலாம். இவருக்குச் சக்தியே வரவில்லை. ஒரே ஒரு சந்தேகம்: கிளம்பும் முன் பவர் மீட்டரைப் பூஜ்யம் செய்தீர்களா? வீட்டு ஏசியிலிருந்து வெளியே எடுத்தால் வெப்பநிலை மாற்றத்தில் சில மீட்டர்கள் தப்பாகக் காட்டும்.

---

எதிர்காற்று | ஞாயிறு, மாலை 5:31

சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறது. பூஜ்யமும் செய்தேன். மீட்டர் பொய் சொன்னாலும் நாடித்துடிப்புப் பட்டையும் சேர்ந்தா பொய் சொல்லும்?

---

கியர்மாற்றி | ஞாயிறு, மாலை 6:18

சரி, அப்படியென்றால் கேஸ் சுவாரசியமானது. கால் வராத நாளில் இரண்டு வகை உண்டு.

சக்தி குறைந்து நாடித்துடிப்பு எகிறினால் வெயில், தண்ணீர்க் குறைவு, காய்ச்சல் என்று யோசிக்கலாம். உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போகிறது, இதயம் கூடுதலாக ஓடுகிறது, காலுக்குக் கிடைப்பது குறைகிறது. சென்னையில் இது அன்றாடம். காற்றில் ஈரம் இருப்பதால் வியர்வை காயாமல் சொட்டுகிறது. சொட்டும் வியர்வை உடம்பைக் குளிர்விக்காது.

சக்தியும் குறைந்து நாடித்துடிப்பும் ஏற மறுத்தால் பெரும்பாலும் சேர்ந்துபோன களைப்பு. பல நாட்கள் கடுமையாக ஓட்டி, ஓய்வு போதாமல் இருக்கும்போது இதயம் மேலே போக மாட்டேன் என்கிறது. மூச்சு வாங்காமல் தொடை மட்டும் கெஞ்சுவது அதோடு ஒத்துப்போகிறது. கடைசி இரண்டு வாரம் என்ன ஓட்டினீர்கள்? கடைசிக் கடும் பயிற்சி எப்போது?

---

எதிர்காற்று | ஞாயிறு, மாலை 6:50

கடைசிக் கடும் பயிற்சி வியாழன். வெள்ளி ஓய்வு, சனி ஒரு மணி நேரம் மெதுவாக. அதற்கு முந்தைய வாரம் வழக்கமான அளவுதான். எல்லோரும் செய்வதுதானே.

---

மாலைப்பணி | ஞாயிறு, இரவு 9:02

வழக்கமான அளவு என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. பந்தயத்துக்கு முந்தைய ஒன்றிரண்டு வாரம் ஓட்டும் அளவைப் பாதிக்குப் பக்கமாகக் குறைத்து, வேகப் பயிற்சியை மட்டும் சின்னச் சின்னதாக விட்டுவைப்பதுதான் பொதுவாகச் சொல்வது. அதுவும் பாதி காரணம்தான்.

நான் மருத்துவமனையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். என் மோசமான பந்தயங்களை எடுத்துப் பார்த்தால் பயிற்சி அட்டவணையில் ஒன்றும் தெரியாது. ட்யூட்டி அட்டவணையில் தெரியும். பந்தயத்துக்கு முந்தின இரவு தூக்கம் கெட்டால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை, எல்லோருமே படபடப்பில் புரண்டுகொண்டுதான் இருப்பார்கள். அதற்கு முந்தைய ஒரு வாரம் தினமும் ஐந்து மணி நேரம் தூங்கியிருந்தால்தான் வினை. அலுவலகம் எப்படி இருந்தது? வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? உடம்புக்கு ஈசிஆர் களைப்பு, எக்செல் களைப்பு என்று தனித்தனிக் கணக்கு கிடையாது.

தொழில்முறை வீரர் ஓட்டிவிட்டு வந்து படுத்துவிடுவார், மசாஜ் செய்ய ஆள் வரும். நாம் ஓட்டிவிட்டு வந்து கேஸ் சிலிண்டர் மாற்றுவோம்.

---

எதிர்காற்று | ஞாயிறு, இரவு 9:40

ஆடிட் நடந்தது உண்மை. ஆனால் அக்கா, போன வருடமும் இதே நேரத்தில் ஆடிட் இருந்தது, அப்போது முதல் இருபதுக்குள் வந்தேன். அதனால்தான் எனக்கு இந்த விளக்கம் ஒட்டவில்லை.

---

கல்ஹட்டி36 | திங்கள், காலை 7:15

நண்பரே, ரொம்பக் குடைந்து பார்க்காதீர்கள். மூன்று வாரம் நடக்கும் இத்தாலியப் பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவில், 2018இல் சைமன் யேட்ஸ் மூன்று கட்டங்களை (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்) வென்று, முதலிடத்தில் இருப்பவர் போடும் இளஞ்சிவப்புச் சட்டையில் 13 நாள் இருந்தார். பந்தயம் முடிய மூன்றே நாள் இருக்கும்போது, 19ஆம் கட்டத்தில் கொல்லே டெல்லே ஃபினெஸ்ட்ரே மலையில் கால் நின்றுவிட்டது. அன்று ஒரே நாளில் 38 நிமிடத்துக்கு மேல் இழந்தார். போட்டியாளர் கிறிஸ் ஃபுரூம் அதே மலையில் பிய்த்துக்கொண்டு, கடைசி 80 கிலோமீட்டரைத் தனியாக ஓட்டிப் பந்தயத்தையே தூக்கிக்கொண்டு போனார். யேட்ஸுக்குச் சமையல்காரர், மருத்துவர், பயிற்சியாளர், ஆளுக்கொரு லேப்டாப் எல்லாம் இருந்தும் அன்று காலை யாருக்கும் தெரியவில்லை.

அதே யேட்ஸ் அந்த வருடமே ஸ்பெயினின் வுவெல்டா பந்தயத்தை வென்றார். 2025இல் அதே ஃபினெஸ்ட்ரேயில், கடைசிக்கு முந்தைய நாளில் மற்றவர்களைக் கழற்றிவிட்டு ஜிரோவையும் வென்றார். ஆக ஒரு நாளை வைத்து எதையும் சொல்ல முடியாது.

---

பழையசங்கிலி | திங்கள், காலை 7:52

2006ஐயும் சொல்லுங்களேன். டூர் டி ஃபிரான்ஸில் ஃபிளாய்ட் லாண்டிஸ் லா டூசுவீர் ஏற்றத்தில் படுத்துவிட்டார், முதலிடத்துக்கான மஞ்சள் சட்டை போயிற்று. மறுநாளே மோர்சினுக்குத் தனியாகப் பறந்து வந்து வென்றார். உலகமே கைதட்டியது. அன்றைய ஊக்கமருந்துச் சோதனையில் டெஸ்டோஸ்டிரோன் தகராறு வந்து பட்டமும் போயிற்று. மோசமான நாளுக்கு மறுநாளே அற்புதம் நடந்தால் எனக்கு இன்றும் கொஞ்சம் சந்தேகம்தான்.

இன்னொன்று. சொன்னால் தம்பிக்குக் கோபம் வரும். நேற்று உங்களுக்கு வந்தது மோசமான நாள் என்கிறீர்கள். போன வருடம் வந்தது பிரமாதமான நாளாக இருந்து, நேற்று வந்தது உங்கள் சாதாரண நாளாக ஏன் இருக்கக்கூடாது? நாம் எல்லோரும் வாழ்நாளில் ஒரு தரம் பிடித்த 20 நிமிட வாட்ஸைத்தான் நம் அளவு என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

---

எதிர்காற்று | திங்கள், காலை 8:30

கோபம் வந்தது உண்மை, காபி குடித்துவிட்டு எழுதுகிறேன். நான் போன வருடத்தை வைத்துச் சொல்லவில்லை அண்ணா. வியாழக்கிழமை பயிற்சியில் 250ஐ மூன்று முறை பிடித்தேன். மூன்று நாளில் 40 வாட்ஸ் காணாமல் போனதை "சாதாரண நாள்" என்றால் எப்படி?

---

பழையசங்கிலி | திங்கள், காலை 8:41

அது நியாயமான பதில். வாபஸ். ஆனால் பந்தயத்துக்கு மூன்று நாள் முன்னால் 250ஐ மூன்று முறை பிடிக்கச் சொன்னது யார்?

---

வெள்ளைக்கோட்டு | திங்கள், பிற்பகல் 2:20

இந்த விவாத இழை முழுவதும் படித்தேன். மருத்துவராக ஓரிரு கேள்விகள். போன பத்து நாளில் தொண்டைக் கரகரப்பு, உடம்பு வலி, லேசான காய்ச்சல் ஏதாவது உண்டா? காலையில் எழுந்ததும் பார்க்கும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட மாறியிருக்கிறதா?

அறிகுறி முழுதாக வெளியே வருவதற்கு முன்பே வைரஸ் காலைக் காலி செய்துவிடும். பந்தயத்தன்று ஒன்றும் புரியாது, இரண்டு நாள் கழித்துச் சளி பிடிக்கும். காய்ச்சலோடு கடுமையாக ஓட்டுவது மட்டும் கூடவே கூடாது. இதயத் தசையில் அழற்சி வரும் ஆபத்து உண்டு, அது விளையாட்டில்லை.

நெஞ்சுவலி, மயக்கம், படபடவென்று தாறுமாறான துடிப்பு இருந்தால் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவரிடம் போக வேண்டும். அவை இல்லை, ஓய்வெடுத்தும் இரண்டு மூன்று வாரமாகக் கால் வரவில்லை என்றால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு, பி12 பார்க்கலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் பி12ஐ மறக்க வேண்டாம். பரிசோதனை செய்யாமல் கடையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள், உடம்பில் இரும்பு கூடினாலும் கெடுதல்தான். ஒரே ஒரு மோசமான ஞாயிற்றுக்கிழமைக்காக இத்தனை பரிசோதனையும் தேவையில்லை.

---

எதிர்காற்று | திங்கள், இரவு 8:05

நன்றி டாக்டர். நெஞ்சுவலி, மயக்கம் எதுவும் இல்லை. போன வாரம் மகளுக்குச் சளி இருந்தது, எனக்கு ஒன்றும் வரவில்லை. காலை நாடித்துடிப்பு நான் பார்ப்பதில்லை.

---

பனிமலை_சூரிச் | திங்கள், இரவு 11:48

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப சுவிஸில் இருக்கிறேன். எல்லாரும் காரணத்தைப் பற்றியே கதைக்கிறீர்கள். எனக்கு ஓட்டத்துக்கு நடுவில் என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வியாகப் பட்டது.

இத்தாலியில் ஜூலை மாதம் மரதோனா டிலெஸ் டொலோமிட்டெஸ் என்று ஒரு மலைச் சைக்கிள் ஓட்டம் நடக்கும். ஒன்பதாயிரம் பேரளவில் ஓடுவினம். நீளப் பாதை 138 கிலோமீட்டர், ஏற்றம் மட்டும் 4,230 மீட்டர். காலை ஆறரைக்கு லா வில்லாவில் வெளிக்கிட்டால் கம்போலோங்கோ, போர்டோய், செல்லா, கார்தேனா என்று நாலு மலைக்கணவாயையும் சுற்றி, திரும்பவும் கம்போலோங்கோ ஏற வேணும். அதுக்குப் பிறகு ஒரு பிரிவு வரும். ஒரு பக்கம் போனால் ஜாவ் கணவாய், கிட்டத்தட்ட 10 கிலோமீட்டருக்குச் சராசரி 9 சதவீதத்துக்கு மேலே. மற்றப் பக்கம் போனால் 106 கிலோமீட்டரோடு முடிக்கலாம். நீளப் பாதைக்கு நேர வரம்பும் இருக்கு.

எனக்கு போர்டோயிலேயே விளங்கிவிட்டது. ஆக லேசான கியரில் போட்டும் கால் சுழலவில்லை, சரியான களைப்பு. பக்கத்தில் வந்த ஒரு வயசான இத்தாலியர் சிரித்துக் கதைத்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். பிரிவுக்கு வந்தபோது நேரம் இருந்தது. ஆனாலும் நான் குட்டைப் பாதையைத்தான் எடுத்தேன். ஜாவில் ஏறி நடுவில் நின்றால் அங்கே ஏற்றிவரும் வான் வண்டிக்குக் காத்திருக்க வேணும், இறக்கத்தில் கை நடுங்கினால் இன்னும் ஆபத்து. குட்டைப் பாதையிலும் ஃபல்சாரேகோ, வல்பரோலா என்று இரண்டு கணவாய் இருக்கு, அதுவே போதும் போதும் என்றாகிவிட்டது.

இந்தமாதிரிப் பிரிவு உங்கள் கடற்கரை வீதியில் இல்லை. எந்த இடத்தில் விட்டாலும் வீட்டுக்கு வர அதே வீதிதான், பாவம்.

---

கல்ஹட்டி36 | செவ்வாய், காலை 6:58

பனிமலை, அருமை. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு 36 கொண்டையூசி வளைவு ஏறும்போது எனக்கும் ஒரு பிரிவு இருந்திருக்கலாம் என்று பட்டிருக்கிறது. அங்கே இருப்பது இறங்கித் தள்ளு அல்லது ஏறு.

---

மாலைப்பணி | செவ்வாய், காலை 10:10

விலகுவது பற்றி யாராவது பேசமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நம் குழுக்களில் பாதியில் விட்டவரை ஒரு மாதிரி பார்க்கும் பழக்கம் இருக்கிறது. "முடிச்சிட்டியா, சபாஷ்" என்பார்கள், எந்த நிலையில் முடித்தார் என்று கேட்க மாட்டார்கள்.

கால் வராத நாளில் குழுவுக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருப்பவர் மற்றவர்களுக்கும் ஆபத்து. களைத்தவருக்குத் தலை கவிழும், கோடு நெளியும், பிரேக் பிடிக்கத் தாமதமாகும். ஈசிஆரில் பக்கத்திலேயே பஸ்ஸும் வேனும் போகின்றன. இடைவெளி விழப்போகிறது என்று தெரிந்தால் கையைக் காட்டி, குரல் கொடுத்து, இடப்பக்கம் ஒதுங்கிப் பின்னால் வருபவருக்கு வழிவிடுவது நல்லது. அவர் அந்த இடைவெளியை அடைத்துப் பிழைத்துப் போகட்டும்.

---

பழையசங்கிலி | செவ்வாய், காலை 10:35

ஒதுங்குவது சரி, விலகுவது வேறு. உடம்புக்கு ஆபத்து இல்லை, வெறும் வேகம்தான் இல்லை என்றால் முடித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. ஒரு முறை விலகினால் அடுத்த முறை கால் கொஞ்சம் வலித்தாலே மனசு வண்டியை ஓரம்கட்டப் பார்க்கும். நான் எத்தனையோ பேரிடம் பார்த்துவிட்டேன்.

---

மாலைப்பணி | செவ்வாய், காலை 10:49

நானும் பார்த்திருக்கிறேன் அண்ணா. வீம்புக்கு முடித்துவிட்டு மூன்று வாரம் படுத்தவர்களை.

---

கியர்மாற்றி | செவ்வாய், மாலை 7:30

இந்தச் சண்டைக்குள் நான் வரவில்லை. எதிர்காற்று தனிமடலில் அனுப்பிய, பந்தயத்தின் வாட்ஸும் வேகமும் பதிவான கோப்பைப் பார்த்தேன். களைப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், கழன்ற இடம்தான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது.

போகும்போது வடகிழக்குக் காற்று முதுகில். பின்காற்றில் எல்லோருக்கும் சுலபம் என்று நினைப்போம். ஆனால் குழு 42இல் போய், பின்னாலிருந்து வரும் காற்று 15 என்றால் உடம்பில் மோதும் காற்று 27தான். ஒருவர் பின்னால் ஒட்டி ஓட்டினால் சாதாரணமாகக் காற்றுத்தடையில் மூன்றில் ஒரு பங்காவது மிச்சம். பின்காற்றில் மறைந்துகொள்வதற்கே காற்று குறைவு என்பதால் அந்த மிச்சமும் சுருங்கிவிடும். அங்கே முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் கிட்டத்தட்ட ஒரே உழைப்புத்தான் போடுகிறார்கள். பலவீனமானவர் முதலில் கழல்வது அதனால்தான். திரும்பும்போது குழு 33இல் வந்தாலும் மோதும் காற்று 48. அப்போது உள்ளே மறைந்திருப்பவருக்குப் பெரிய லாபம். முன்னால் தனியாகப் பிய்த்துக்கொண்டு போகவும் யாருக்கும் தெம்பு வராது. அதாவது யு டர்ன் வரை எப்படியாவது ஒட்டியிருந்தால் அதே மோசமான காலோடு குழுவிலேயே முடித்திருக்கலாம்.

இன்னொன்றும் தெரிகிறது. முதல் 15 நிமிடம் நீங்கள் குழுவின் கடைசி நாலைந்து பேரில் ஒருவர். வால் பக்கம் இருப்பவருக்கு ரப்பர் பேண்ட் வேலைதான்: முன்னால் ஒருவர் லேசாக வேகம் குறைத்தால் பின்னால் பிரேக், முன்னால் ஏற்றினால் பின்னால் ஸ்பிரின்ட். உங்கள் கோப்பில் பாலத்துக்கு முன்பே 500 வாட்ஸைத் தாண்டிய குத்துகள் வரிசையாக நிற்கின்றன. நல்ல நாளில் கால் அதையெல்லாம் மன்னித்துவிடும்.

---

எதிர்காற்று | செவ்வாய், மாலை 8:12

இதுதான் இதுவரை வந்ததில் எனக்கு உறைத்த பதில். ஆக யு டர்ன் வரை இன்னும் 18 கிலோமீட்டர் தாக்குப்பிடித்திருந்தால் போதும்?

---

பழையசங்கிலி | செவ்வாய், மாலை 8:15

கால் இல்லாதவரிடம் இன்னும் 18 கிலோமீட்டர் மட்டும் ஓடு என்கிறார்கள்.

---

கியர்மாற்றி | செவ்வாய், மாலை 8:33

:) இருந்தாலும் சொல்கிறேன். குழுவில் முன்பாதியில் இருங்கள், முதல் வரிசை வேண்டாம். மேட்டிலோ திருப்பத்திலோ நாலைந்து பேர் உங்களைத் தாண்டினாலும் குழுவுக்குள்ளேயே இருப்பீர்கள். முன்னால் போய்க் குழுவை இழுக்கும் முறை வந்தால் தலையாட்டிவிட்டுப் பின்னால் போங்கள், அமெச்சூர் பந்தயத்தில் யாரும் கேஸ் போட மாட்டார்கள். கியரை ஒரு பல் லேசாக்கி வேகமாகச் சுற்றுங்கள், எரியும் தொடைக்குக் கொஞ்சம் ஆசுவாசம். முதல் அரைமணிக்குள்ளேயே ஒரு சர்க்கரை ஜெல்லோ இரண்டு பேரீச்சையோ உள்ளே போகட்டும். ராத்திரி முழுக்கச் சாப்பிடாததில் தசையில் இருக்கும் சர்க்கரை பெரிதாகக் குறையாது, கல்லீரலில் இருப்பது கணிசமாகக் குறைந்திருக்கும். நாலு இட்லியை எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று கேட்கவே மறந்துவிட்டேன்.

---

எதிர்காற்று | செவ்வாய், மாலை 8:40

மூன்றரைக்கு. பந்தயம் கிளம்ப ஆறேகால் ஆகிவிட்டது. வரிசையில் நின்றே அரைமணி போயிற்று, வார்ம் அப் செய்த சூடெல்லாம் ஆறிவிட்டது.

---

மாலைப்பணி | செவ்வாய், இரவு 9:30

அப்பாடா, இன்னும் இரண்டு காரணம். ஒன்றைக் கண்டுபிடிக்க வந்தோம், இப்போது ஆறேழு இருக்கிறது.

---

எதிர்காற்று | சனி, காலை 9:20

நிலவரம்: புதன் வரை வண்டியைத் தொடவில்லை. வியாழன் லேசாக ஓட்டினேன், நாடித்துடிப்பு வழக்கம்போல் ஏறி இறங்கியது. நேற்று 250ஐ ஒரே ஒரு முறை பிடித்துப் பார்த்தேன், வந்தது. சளி வரவில்லை டாக்டர். ஆடிட் முடிந்தது. களைப்பா, இட்லியா, வாலில் தொங்கியதா என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றும் கொஞ்சம் என்று மாலைப்பணி அக்கா சொல்வார், எனக்கு அதில் இன்னும் முழுச் சம்மதமில்லை.

பனிமலை அண்ணைக்கு ஒரு கேள்வி: ஜாவ் ஏற பின்சக்கரக் கியரில் எத்தனை பல் வேண்டும்? எங்கள் ஊர் சமதளச் சாலையில் 28 பல் கியரையே நான் தொட்டதில்லை.

---

பனிமலை_சூரிச் | சனி, பிற்பகல் 1:05

தம்பி, முன்னால் 34, பின்னால் 34 போட்டு வாங்கோ. அதுவும் காணாது என்று அங்கே சொல்லுவீர்கள். பதிவு குலுக்கல் முறையில்தான், விண்ணப்பம் போட்டாலும் இடம் கிடைக்கும் என்றில்லை.

---

பழையசங்கிலி | சனி, பிற்பகல் 1:30

இத்தாலி இருக்கட்டும். நாளைக் காலை ஐந்து மணி, திருவான்மியூர். கோவளம் வரை, மெதுவாக. வாட்ஸ் காட்டும் திரையை அணைத்துவிட்டு வர வேண்டும்.

---

எதிர்காற்று | சனி, பிற்பகல் 1:34

வருகிறேன் அண்ணா. மெதுவாக என்றால் உங்கள் மெதுவா, என் மெதுவா?